லைற் எரியுது, படம் வரேல்ல: கணினி திருத்தப் பழகும் பிள்ளைகளுக்கு

தாழ்வுபாடு, பேசாலை, எருக்கலம்பிட்டி, தலைமன்னார் என்று மன்னாரின் எந்தப் பக்கத்திலிருந்து கணினி வந்தாலும் கொண்டு வருகிறவர் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும். "தம்பி, லைற் எரியுது, ஃபேன் சுத்துது, படம் மட்டும் வரேல்ல. செத்துப்போச்சு போல." அநேகமாக அது சாகவில்லை. நூறு ரூபாய்ப் பொருளால் சரிவரக்கூடிய கோளாறுக்கு ஒரு குடும்பம் புது மதர்போட் வாங்குவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் பின்வருவதை மனதில் வைத்திருங்கள்.

1. திருப்புளியை எடுக்குமுன் ஆட்களோடு கதையுங்கள். கடைசியாக எப்போது படம் வந்தது? இடையில் கரண்ட் நின்றதா? மேசையை மாற்றினீர்களா, கூட்டித் துடைத்தீர்களா, இடி மின்னல் இருந்ததா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதுமே இருண்டது. இப்படியான நாட்களில் நின்றுபோன கரண்ட் செய்யும் கேட்டைவிட, திரும்பி வருகிற கரண்ட் செய்யும் கேடு அதிகம். வந்த கணத்தில் வோல்ட் ஏறி இறங்கும், அடி பவர் சப்ளையில் விழும். ஆகவே "கரண்ட் வந்த உடனேதான் இப்படி" என்று வீட்டுக்காரர் சொன்னால் 8ஆவதுக்குப் போங்கள். "கன நாளாகப் போடவில்லை, இன்றைக்குப் போட்டால் இப்படி" என்றால் 6ஆவதுக்குப் போங்கள்.

2. மொனிற்றரை முதலில் விசாரியுங்கள். கணினியின் வயரைக் கழற்றிவிட்டு மொனிற்றரை மட்டும் போடுங்கள். சிக்னல் இல்லை என்ற எழுத்தோ, மெனு பொத்தானை அமத்தும்போது அதன் சொந்தப் பட்டியலோ வந்தால் மொனிற்றர் நல்லது. எதுவும் வராவிட்டால் அறையை இருட்டாக்கி, டோர்ச் லைற்றைத் திரைக்குக் கிட்டச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் போய்விட்டது என்று அர்த்தம். மெனுவில் எந்த வழி தெரிவாகி இருக்கிறது என்பதையும் பாருங்கள். வயர் எச்.டி.எம்.ஐ.யில் இருக்க, மொனிற்றர் வி.ஜி.ஏ.யைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டித் துடைத்த மறுநாள் வருகிற கணினிகளில் இது அடிக்கடி நடக்கும்.

3. கீபோட்டில் கப்ஸ் லொக்கை அமத்துங்கள். சின்ன லைற் எரிந்து அணைந்தால் உள்ளே இயந்திரம் நடக்கிறது, படம் வெளியே வருகிற பாதையில்தான் தடை. லைற் அசையாவிட்டால் இயந்திரம் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அடுத்த ஒரு மணித்தியால வேலையை எந்தப் பக்கம் செய்வது என்பதை இது சொல்லிவிடும்.

4. வயர் எந்தத் துவாரத்தில் செருகியிருக்கிறது என்று பின்பக்கம் குனிந்து பாருங்கள். தனியாகக் கிரபிக்ஸ் காட் போட்ட கணினியில் வயர் அந்தக் காட்டில்தான் இருக்க வேண்டும். இன்டெல் சி.பி.யு.வின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் மதர்போட்டின் துவாரத்தில் எக்காலத்திலும் படம் வராது, ஏனென்றால் படம் தரும் பகுதி அந்தச் சி.பி.யு.வில் இயங்காது. கொழும்பிலிருந்து வருகிற பாவித்த அலுவலகக் கணினிகளில் டிஸ்பிளேபோட் மட்டுமே இருக்கலாம். அதில் இணைக்கிற மலிவு மாற்றியை முதலில் சந்தேகியுங்கள்.

5. கேஸிங்கைத் திறக்குமுன் பிளக்கைச் சொக்கெற்றிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிற்பாட்டினால் மட்டும் போதாது. கழற்றிய பின் முன்பக்கப் பொத்தானை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். சில கணினிகள் இதோடேயே எழும்பிவிடுவதும் உண்டு. உள்ளே கை வைக்குமுன் கேஸிங்கின் பெயின்ற் இல்லாத இரும்பை ஒருதரம் தொடுங்கள்.

6. எங்கள் ஊரில் நீங்கள் அதிகம் படிக்க வேண்டியது உப்பைப் பற்றி. மன்னார்த் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலைகள் 30 நிற்கின்றன, 103.5 மெகாவாற்றுக்கு. எந்தக் காற்றுக்காக அவற்றை அங்கே நட்டார்களோ, அதே சோளகம்தான் கடலின் உப்புத் துகளைச் சன்னலால் வீட்டுக்குள் கொண்டு வருகிறது. கணினியின் ஃபேன் அதை உள்ளே இழுத்து மதர்போட்டின் மேல் பூசிவிடும். காய்ந்து கிடக்கும் மட்டும் உப்பு பெரிதாகக் கெடுக்காது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் அது தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மாரி பிறந்ததும் குசினியில் உப்புப் போத்தல் நசநசப்பது இதனால்தான். அந்த உப்புநீர் உலோகத்தில் இருந்தால் பொன்முலாமின் நுண்ணிய ஓட்டைகளூடாகக் கீழே இறங்கிச் செம்பைக் களிம்பாக்கும். ஒக்டோபர், நவம்பரில் முதல் மழையோடு 'படம் வரேல்ல' கணினிகள் வரிசையாக வரும்போது இது உங்களுக்கு விளங்கும்.

முதலில் பாதிக்கப்படுவது றாம். இரண்டு பக்கத்துக் கொளுவியையும் விரித்து, றாமை ஓரத்தில் பிடித்துக் கழற்றுங்கள். கீழ்விளிம்பின் பொன்னிறப் பற்களை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். நல்லவை ஒரே மினுக்கமாக இருக்கும். உப்புப் பட்டவற்றில் மங்கிய படலம் தெரியும், முற்றியவற்றில் பச்சைப் புள்ளி தெரியும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த துணியால் துடைப்பதுதான் நல்ல வழி. அது கையில் இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளை அழிறப்பர் போதும். மெதுவாக, மேலிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் தேயுங்கள், துகளைத் தூரிகையால் தட்டுங்கள். அரத்தாளைக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள், அந்த முலாம் மிகவும் மெல்லியது. றாம் செருகும் துளையைச் சுத்தமான பெயின்ற் தூரிகையால் கூட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

திரும்பப் போடும்போது நடுவில் உள்ள வெட்டு துளையின் மேட்டுக்கு நேரே இருக்கட்டும். இரண்டு நுனியும் 'டிக்' என்று விழ வேண்டும். பாதி இறங்கிய றாம் பார்க்க இறங்கியது போலவே இருக்கும், காதை நம்புங்கள். இரண்டு றாம் இருந்தால் ஒன்றை வெளியே வைத்துவிட்டு, மற்றதை ஒவ்வொரு துளையிலும் போட்டுப் பாருங்கள். டி.டி.ஆர். 5 றாம் உள்ள புதிய கணினி முதல் தடவை சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடேயே நினைவகத்தைப் பரிசோதித்துக்கொண்டிருக்கும். பொறுமையில்லாமல் இடையில் நிற்பாட்டினால் அது திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

7. மதர்போட்டில் சல்லிக்காசு போல ஒரு பற்றரி உண்டு, சி.ஆர். 2032, 3 வோல்ட். "ஒவ்வொரு நாளும் திகதி பிழையாகக் காட்டியது" என்று வீட்டுக்காரர் சொன்னால் யோசிக்காமல் மாற்றுங்கள். பயோஸின் பழைய அமைப்பை அழித்துப் பார்க்க விரும்பினால் பிளக்கைக் கழற்றி, பற்றரியைச் சில நிமிடம் வெளியே வைத்தாலே பெரும்பாலும் போதும். ஆனால் விண்டோஸ் 11 கணினியில் அதற்கு முதல், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கரின் மீட்புத் திறவி வீட்டுக்காரரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கழற்றிய பற்றரியை மேசையில் விடாதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கினால் ஒன்றிரண்டு மணித்தியாலத்திலேயே உணவுக்குழாயை எரிக்கும், உயிராபத்து.

8. பவர் சப்ளையைக் கழற்றலாம், மாற்றலாம், திறக்கக் கூடாது. உள்ளேயுள்ள கப்பாசிற்றரில் ஏறக்குறைய 325 வோல்ட் தங்கியிருக்கும், பிளக் கழற்றிய பிறகும். வெளியிலிருந்தே பார்க்க நிறைய உண்டு. சி.பி.யு.வுக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் உள்ள தனி வயர் சரியாக இறுகியிருக்கிறதா? அது கழன்றிருந்தால் லைற் எரியும், ஃபேன் சுற்றும், படம் வராது, நீங்களோ நாள் முழுக்க றாமைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். கிரபிக்ஸ் காட்டுக்கும் அப்படி ஒரு வயர் இருந்தால் அதையும் பாருங்கள். மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் வோல்ட் வர வேண்டும்.

கனடாவிலிருந்து உறவுகள் கொண்டுவந்த பழைய கணினி என்றால் கரண்ட் கொடுக்குமுன் பின்பக்கச் சிவப்புச் சுவிட்சைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. சுவிட்ச் 115இல் இருக்கும்போது எங்கள் சொக்கெற்றில் செருகினால் வெடித்துப் புகைவிடும்.

9. ஒருதரம் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் கொப்பியில் எழுதுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிப் படம் வந்தால் எது பழுது என்று உங்களுக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் நேர்மையாகச் சொல்ல முடியாது. குழம்பினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சி.பி.யு., ஒரு றாம், பவர் சப்ளை, மொனிற்றர் ('எஃப்' சி.பி.யு. என்றால் கிரபிக்ஸ் காட்டும்) இவ்வளவோடு தொடங்குங்கள். பல மதர்போட்டுகளில் சி.பி.யு., றாம், படம் என்று பெயரிட்ட சின்ன லைற்றுகள் உண்டு, எது எரிந்து நிற்கிறதோ அங்கேதான் தடங்கல். டெல் கணினிகளில் மின்பொத்தான் மினுங்கும் கணக்கு சொல்லும். எச்.பி.யில் சிவப்பு மினுக்கமும் பீப் ஒலியும் சேர்ந்து வரும். எண்ணி எழுதி, அந்த மொடலின் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

10. தயாரிப்பாளரின் சின்னம் திரையில் வந்து, அதன் பிறகு கறுத்தால் இயந்திரத்தை விடுங்கள், அது பெரும்பாலும் விண்டோஸின் பிரச்சினை. விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அமத்திப் பாருங்கள், பட இயக்கி திரும்பத் தொடங்கும்.

11. கணினியைத் தரையிலும், கடல்பக்கச் சன்னலுக்கு நேரேயும் வைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். நிற்பாட்டிய பிறகு துணி போடலாம், ஓடும்போது போடக்கூடாது. கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றி, வந்து சில நிமிடம் கழித்துச் செருகட்டும். இடி முழங்கத் தொடங்கும்போதே ரௌட்டரின் தொலைபேசி வயரையும் கழற்றட்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

12. டிஸ்க்கைப் பற்றி வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சின்னம்கூட வராத கறுப்புத் திரைக்கு டிஸ்க் காரணமாவது மிக அரிது. டிஸ்க்கே இல்லாத கணினியிலும் சின்னம் வரும். ஆகவே 'ஃபோர்மட் பண்ணிப் பார்ப்போம்' என்ற சொல் இந்தக் கோளாறுக்கு உங்கள் வாயில் வரக்கூடாது. எங்கள் பகுதி வீடுகளில் அந்த டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. திரும்பி வராத மகனின் ஒரே படத்தை ஸ்கான் பண்ணி வைத்திருப்பார்கள், அசல் இடம்பெயர்வில் போயிருக்கும். காணிப் பத்திரத்தின் பிரதி இருக்கும். பிள்ளையின் பரீட்சை ஒப்படை இருக்கும்.

மதர்போட் உண்மையிலேயே போய்விட்டது என்று உறுதியானால் டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. கூட்டில் போட்டு வேறு கணினியில் இணையுங்கள். பூட்டியிருந்தால் மீட்புத் திறவியைக் கேளுங்கள். எதையும் திருத்தாமல், அழிக்காமல், இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். வீட்டுக்காரரைப் பக்கத்தில் இருத்தி அவர் கேட்கிற படங்களைத் திறந்து காட்டுங்கள், ஆனால் கேட்காததைத் திறக்காதீர்கள். அதன் பிறகு புது மதர்போட்டின் விலையையும் பாவித்ததன் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள், கழற்றிய பழையதை அவர் கையிலேயே கொடுத்து விடுங்கள்.