தலைமைத்துவப் பயிற்சியில் தன்னை அறிதல்



நம் ஆலய அறநிதியின் ஆதரவில் நடைபெறும் மாணவர் தலைமைத்துவ முகாமில், ஒரு காலைப்பொழுது முழுவதும் மாணவர்கள் மேடையேறுவதில்லை. தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து தங்களைப் பற்றியே சிந்திக்கிறார்கள். "மேடைப் பேச்சும் கூட்டம் நடத்தும் முறையும் கற்பிக்க வேண்டிய நேரத்தில் இது எதற்கு?" என்று செயலவைக் கூட்டத்தில் ஓர் அன்பர் வினவினார். உங்கள் பணத்தில் நடைபெறும் முகாம் ஆதலால், பொறுப்பாளன் என்ற முறையில் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

அப்பயிற்சியின் பெயர் ஜோஹாரி சாளரம். ஜொகூர் மாநிலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை; மாணவர்கள் தவறாமல் கேட்பதால் சொல்லி வைக்கிறேன். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1955ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினர். இருவர் பெயரின் முற்பகுதிகளும் சேர்ந்ததே ஜோஹாரி. குணங்களைக் குறிக்கும் 56 சொற்கள் தரப்படும். அவற்றுள் தமக்குப் பொருந்தும் ஐந்தாறு சொற்களை மாணவர் குறிப்பார். உடனிருப்போரும் அவருக்குப் பொருந்துவனவற்றைக் குறிப்பர். இருசாராரும் குறித்தவை திறந்த கட்டத்தில் சேரும். பிறர் மட்டும் குறித்தவை நாம் காணாத கட்டத்தில். நாம் மட்டும் குறித்தவை மறைந்த கட்டத்தில். எவரும் குறிக்காதவை நான்காம் கட்டத்தில் எஞ்சும்.

2019 டிசம்பர் விடுமுறையில் முதன்முறையாக இதை நடத்தியபோது பெருந்தவறு செய்தேன். சொற்பட்டியல் எதற்கு, பிள்ளைகள் சொந்தச் சொற்களையே எழுதட்டும், மொழிவளமும் பெருகும் என்று எண்ணிவிட்டேன். தமிழாசிரியப் புத்தி! தாள்கள் கைமாறின. நான்காம் படிவ மாணவி ஒருவரின் தாளில் அவர் நிறத்தையும் பருமனையும் குறித்து இரண்டு சொற்கள் இருந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. மதிய உணவுக்கு முன் தந்தையார் வந்து அழைத்துச் சென்றுவிட்டார். மறுநாள் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். தேநீர் கொடுத்து உபசரித்தார்கள். பிள்ளை முகாமுக்குத் திரும்பவில்லை. அந்த 56 சொற்களில் உருவத்தையோ நிறத்தையோ சுட்டும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதை அன்றிரவுதான் கவனித்தேன். முன்பே கவனித்திருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மீண்டும் நடத்தினோம். 24 மாணவர்கள், ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள். பட்டியலில் உள்ள சொற்கள் மட்டுமே. தம் தாளைப் பிறருக்குக் காட்டுவதும் காட்டாததும் அவரவர் விருப்பம். என்னிடமிருந்தே தொடங்குமாறு சொல்லி என் தாளை முதலில் சுற்றுக்கு விட்டேன். எனக்கு நான் குறித்துக்கொண்டவற்றுள் முதன்மையானது 'பொறுமை'. வேறு எவரும் அதைக் குறிக்கவில்லை. விதிப்படி அது மறைந்த கட்டத்தில் சேர்ந்தது. இருந்ததை மறைத்தேனோ, இல்லாததைக் குறித்தேனோ! 'இறுக்கம்' என்பதைப் பதின்மூவர் குறித்திருந்தனர். காரணம் கேட்டேன். "ஐயா, நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறீர்கள்" என்றார் ஒரு மாணவர். முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. சொல்ல இடம் கொடுத்திருக்கவும் மாட்டேன்.

இது மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. இடித்துரைப்பார் இல்லாத மன்னனைக் கெடுக்க வேறு பகைவர் வேண்டாம் என்பதைத் திருக்குறளின் 45ஆம் அதிகாரத்திலேயே காணலாம். மன்னனுக்குப் பொருந்துவது மாணவர் தலைவனுக்கும், ஏன், ஆலயச் செயலவைக்கும் பொருந்தும்.

அம்முகாமில் வாய் திறவாத மாணவர் ஒருவர் இருந்தார். தமக்கு 'கூச்சம்', 'அமைதி' என்று குறித்திருந்தார். குழுவிலிருந்த மற்ற ஐவரில் நால்வர் அவருக்கு 'நம்பத்தக்கவர்' என்று குறித்திருந்தனர். தாளை மடிப்பதும் விரிப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். 2024 தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது மாணவர்கள் அவரையே முன்மொழிந்தார்கள். "எனக்குப் பேச வராது ஐயா" என்றார். பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். சற்றுப் பொறுத்து, "யார் யாருக்கு எந்த வேலை வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டுமா?" என்றார். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு எழுதிக்கொண்டார். பூசத்தன்று விடியற்காலை நான் பந்தலுக்குப் போனபோது ஐஸ் பெட்டிகளும் குவளைகளும் வரிசையாக இருந்தன. எனக்கும் பட்டியலில் ஒரு வேலை எழுதியிருந்தார்கள்: காலிக் குவளைகளைச் சேகரிப்பது.