தந்தையின் வீடும் மகனின் எதிர்பார்ப்பும்



மணமாகிப் பிள்ளை குட்டிகளோடு வாடகை வீட்டில் காலம் தள்ளும் இளைஞர் பலர், "வாப்பாவின் வீடு நாளை நமக்குத்தானே!" என்று இருந்துவிடுகின்றனர். மனை விலை ஏறிக்கொண்டே போகும் இக்காலத்தில் இவ்வெண்ணம் எழுவது வியப்பன்று. வட்டிக் கடனில் விழுவதைவிடக் காத்திருப்பது மேல் என்று கருதுவோரும் உண்டு. வட்டிக்கு அஞ்சுவது நன்றே. ஆனால் இந்த எதிர்பார்ப்புக்கு ஷரீஅத்தில் என்ன மதிப்பு என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

தந்தை உயிரோடிருக்கும்வரை அவருடைய பொருள் அவருக்கே சொந்தம். மகனாகப் பிறந்ததினால் மட்டும் அதில் பாத்தியதை வருவதில்லை. அவர் அதை விற்கலாம், வக்ஃபு செய்யலாம், தம் மருத்துவத்துக்கே முழுவதும் செலவிடலாம். மௌத்தான பின்னரே வாரிசுரிமை பிறக்கிறது. வருங்கால வாரிசு தன் எதிர்பார்ப்பை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது என்றே 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-வது பிரிவும் கூறுகிறது.

மேலும், மௌத்து வயது வரிசைப்படி வருவதில்லை. மகன் முந்திவிட்டால், தந்தைக்கு வேறு ஆண்மக்கள் இருக்கும்போது, அவனுடைய பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பாகம் கிடையாது. அவர் மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத்துச் செய்திருந்தால்தான் உண்டு.

இனி, பாகம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் மனைவியையும், இரண்டு ஆண்மக்களையும், ஒரு மகளையும் விட்டுச் சென்றார். அவர் விட்டது 32 லட்சம் பெறுமானமுள்ள ஒரு வீடு மட்டுமே. அடக்கச் செலவு, கடன், கொடுபடாத மஹர் ஆகியவை 8 லட்சம். வஸிய்யத்து இல்லை. எஞ்சிய 24 லட்சத்தில், திருக்குர்ஆன் 4-வது அத்தியாயம் 11, 12-வது வசனங்களின்படி, மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 3 லட்சம். மீதியில் ஆண்மக்களுக்கு ஆளுக்கு 8 லட்சத்து 40 ஆயிரம். மகளுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். முழு வீடும் தனக்கே என்றிருந்த மகன், உம்மாவுக்கும் உடன்பிறந்தோருக்கும் பணம் கொடுத்தே அதை அடைய முடியும். அதற்கு வழியில்லாதபோதுதான் தங்கையின் ஹக்கு அமுக்கப்படுகிறது; அல்லது வீடு விற்கப்பட்டு, இத்தாவிலிருந்து எழுந்த உம்மா தங்க இடமின்றி நிற்கிறார்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணப்பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. தந்தை தம் வாழ்நாளில் ஒப்படைத்த அந்த வீடு ஹிபா; பாகம் அல்ல. அதைக் காட்டி மகளின் பாகத்தை மறுப்பதற்கு இடமில்லை.

பொருளுள்ள தந்தை பிள்ளைகளை வீடின்றித் தவிக்க விடவேண்டும் என்பதல்ல நம் கருத்து. வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிடத் தன்னிறைவோடு விடுவதே மேல் என்று ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். ஆகவே, உதவ நாடும் தந்தை தம் வாழ்நாளிலேயே கொடுத்து ஒப்படைத்துவிடட்டும். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மற்றவர்களை விட்டுவிட வேண்டாம். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவர்களின் தந்தை அன்பளிப்புச் செய்தபோது, அதற்குச் சாட்சியாக இருக்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கோ அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபு (ரலி) அவர்களிடம் முன்மாதிரி உண்டு. அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது, அன்ஸாரித் தோழர் ஸஃது பின் ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். நெய் விற்றுப் பொருளீட்டினார்கள். மனமுவந்து கொடுக்கப்பட்ட பொருளையே அவர்கள் சார்ந்திருக்கவில்லை. தந்தையின் மறைவுக்குப் பின்னரே வரும் பொருளை நம்பி நாம் சோம்பியிருக்கலாமா?

பாகம் ஹலாலானது; அல்லாஹ் விதித்தது. வரும்போது மகிழ்வோடு பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அதையே நம்பியிருப்பவனுடைய உள்ளம், அவன் விரும்பாவிட்டாலும், தந்தையின் நாட்களை எண்ணத் தொடங்கிவிடும். பெற்றோரின் நீண்ட ஆயுளுக்காகத் துஆக் கேட்க வேண்டிய நாவுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. சிறு மனையாயினும் நம் உழைப்பில் வட்டியின்றி வாங்குவோம். அதுவரை வாடகை வீட்டில் வாழ்வது இழிவன்று.

வல்ல நாயன் நம் பெற்றோருக்கு நீண்ட ஆயுளையும் நமக்கு ஹலாலான ரிஜ்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.