எழுபதா, ஐம்பதா? கலோரிக் கணக்கை வகுப்பில் பிரித்துக் காட்டுங்கள்

உடற்பயிற்சியில் எவ்வளவு கலோரி செலவாகிறது என்ற பாடம் வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். இணையத்தில் ஒரு கால்குலேட்டரைத் திறக்கிறோம், எடையையும் நேரத்தையும் தட்டுகிறோம், ஒரு எண் வருகிறது, பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், அங்கேதான் பாடமே இருக்கிறது.

ஒன்றுக்கு இரண்டு கால்குலேட்டரைத் திறந்து வையுங்கள். இரண்டிலும் ஒரே விவரம் கொடுங்கள்: எடை 40 கிலோ, நேரம் அரை மணி, மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. வேகத்தில் நடை. எட்டாம் வகுப்பில் நான் செய்து பார்த்தபோது ஒன்று 70 என்றது, மற்றது 50 என்றது. “சார், எது தப்பு?” என்று வகுப்பே கேட்டது.

இரண்டும் தப்பில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் உடலின் செலவை 1 மெட் என்கிறார்கள். அதாவது ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி. அந்த நடைக்கு 3.5 மெட். மூன்றரையை நாற்பதால் பெருக்கிப் பாதியாக்கினால் 70. நடக்காமல் உட்கார்ந்திருந்தாலும் அந்த அரை மணியில் 20 போயிருக்கும். அதைக் கழித்துவிட்டு நடைக்கான கூடுதல் செலவை மட்டும் சொல்கிறது இரண்டாவது தளம். இதைக் கரும்பலகையில் பிள்ளைகளே போட்டுக் கண்டுபிடிக்கட்டும், அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். பேச்சுவழக்கில் கலோரி என்று நாம் சொல்வது கிலோகலோரியைத்தான், அது ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரை மணி நடையின் 70 என்பது, ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். அப்போது வகுப்பில் எழும் சத்தத்தை நீங்களே கேட்பீர்கள்.

இந்த மெட் எண்கள் பார்பரா ஐன்ஸ்வொர்த் குழுவினர் 1993-இல் வெளியிட்ட பட்டியலின் வழி வந்தவை. நான் எடுத்தது 2011 பதிப்பு. 2024-லும் ஒன்று வந்திருக்கிறது. எல்லாம் பெரியவர்களை வைத்துப் போட்டது. வளரும் பிள்ளைகளின் உடல் ஓய்விலேயே கிலோவுக்குக் கூடுதலாகச் செலவழிக்கும். அதனால் 2018-இல் சிறுவர்களுக்கென்று தனிப் பட்டியல் வெளியானது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லலாம்.

அடுத்த பீரியடை மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற செயலி இலவசம். போனில் உள்ள முடுக்கமானி காட்டுவதை அது வரைபடமாக்கும். உங்கள் போனை ஒரு மாணவியின் இடுப்பில் துணியால் இறுகக் கட்டிவிட்டு, பத்து நிமிடம் ஸ்கிப்பிங் ஆடச் சொல்லுங்கள். எங்கள் வரைபடத்தில் ஊசி ஊசியாக ஒரு கூட்டம், பிறகு கிட்டத்தட்ட நேர்கோடு, மறுபடி ஒரு கூட்டம். கயிறு காலில் சிக்கிய இடமெல்லாம் தெரிந்தது. உண்மையில் குதித்தது 4 நிமிடம் 20 விநாடி. அதே 40 கிலோவை வைத்து, பத்து நிமிடத்துக்கு 11.8 மெட் என்று போட்டால் 79 வருகிறது, குதித்த நேரத்துக்கு மட்டும் போட்டால் 34. நின்று மூச்சு வாங்கிய நேரத்துக்கு எத்தனை மெட் வைப்பது என்று அன்று நடந்த விவாதம் மணி அடித்த பிறகும் ஓயவில்லை.

ஸ்மார்ட்வாட்ச் கட்டிய பிள்ளை இருந்தால் அதையும் இதே கேள்விக்கு உட்படுத்துங்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கைப்பட்டைக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

இனி, செய்யக்கூடாதவை. வகுப்பில் யாரையும் எடை பார்க்காதீர்கள், எடையைச் சொல்லவும் சொல்லாதீர்கள். “செல்வி, 40 கிலோ” என்று கற்பனையாக ஒரு மாணவியை வைத்துக்கொண்டால் கணக்குக்கு ஒரு குறையும் வராது. எண்ணைக் கேட்டுப் பின் வரிசையில் எழும் ஒரு சிரிப்பு, ஒரு பிள்ளையை வருடக்கணக்கில் சாப்பாட்டுத் தட்டின் முன் தலைகுனிய வைத்துவிடும். அதேபோல, “இந்த வடையைக் கரைக்க எத்தனை நிமிடம் ஓட வேண்டும்?” என்ற கேள்வியும் வேண்டாம். சில தளங்களே இப்படிக் காட்டுகின்றன, அந்தப் பகுதியைத் திரையில் மறைத்துவிடுங்கள். நாள் முழுக்க நாம் செலவழிப்பதில் கணிசமான பங்கு இதயத்துக்கும் மூளைக்கும் கல்லீரலுக்கும் போகிறது. பதின்மூன்று வயதில் வளர்ச்சிக்கும் வேண்டும். சாப்பாடு ஓடிக் கழிக்க வேண்டிய கடன் என்ற எண்ணத்தை நாம் விதைக்கக் கூடாது.

மின்னஞ்சலும் பிறந்தநாளும் கேட்கும் செயலிகளில் பிள்ளைகளைப் பதிவு செய்ய வைக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் கணினி, ஒரு பிராஜெக்டர் போதும்.

வீட்டுப்பாடமாக அந்த மெட் பட்டியலையே கொடுங்கள். அதில் விளையாட்டு மட்டுமில்லை. வீடு பெருக்குவது, துணி துவைப்பது, சமைப்பது எல்லாம் வரிசையாக இருக்கிறது. வீட்டில் ஒருவர் காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை செய்யும் வேலைகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் மெட் தேடி, கூகுள் ஷீட்டில் போட்டுவரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் பெரும்பாலானோர் கொண்டுவந்தது அம்மாவின் பட்டியல்.