பெரிய டேபிள் எதற்கும் ஆகுமாம்!

"கொஞ்சம் பெருசாவே வாங்கிப் போடுங்கண்ணே, பின்னாடி எதுக்கும் ஆகும்."

சுங்கை காடுட், உட்லண்ட்ஸ், புக்கிட் பாத்தோக் என்று சிறு பாகங்கள் செய்யும் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் இந்தப் பேச்சு எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது. விற்க வருபவர் சொல்கிறார், முதலாளி சொல்கிறார். இங்கே புக்கிட் பாஞ்சாங் காப்பிக்கடையில் தே தாரேக் குடிக்க உட்கார்ந்தால் எதிர் மேசைக்காரரும் அதையே சொல்கிறார். இருபது மில்லிமீட்டர் பித்தளை ஃபிட்டிங்கில் சுற்றிவர நாலு துளை போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு 320 மில்லிமீட்டர் ரோட்டரி இண்டெக்ஸிங் டேபிள்! கேட்டால், "பெருசுன்னா ஸ்டிராங்கு." எத்தனை முறைதான் இதற்குப் பதில் சொல்வது? எழுதியே வைத்துவிடுகிறேன்.

இண்டெக்ஸிங் டேபிள் செய்வது மூன்று காரியம்: சுற்றும், நிற்கும், நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும். சிறு பாகத்தில் வெட்டும் நேரம் குறைவு. அதனால் சுற்றி நிற்பதில்தான் காசு போகிறது. தட்டின் விட்டம் இரண்டு மடங்கானால், தடிமன் அதேதான் என்றாலும், எடை நாலு மடங்கு. சுழற்றத் தொடங்கவும் நிறுத்தவும் கொடுக்கும் எதிர்ப்பு, அதாவது நிலைமத் திருப்புத்திறன், பதினாறு மடங்கு. மோட்டார் பெரிதாக இருக்குமே என்பார்கள். இருக்கும், ஆனால் பதினாறு மடங்கு பெரிதாக இருக்காது. 1999இல் ஓடத் தொடங்கிய நம் புக்கிட் பாஞ்சாங் எல்.ஆர்.டி.யில் ஒன்று அல்லது இரண்டு பெட்டிதான். இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் நின்று கிளம்பும் வளைவுப் பாதையில் வடக்கு தெற்குப் பாதையின் ஆறு பெட்டி ரயிலை ஓட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. டேபிள் என்றதும் மட்டும் அந்தப் புத்தி எங்கே போகிறது?

கணக்கு வேண்டுமா? 50 ஆர்.பி.எம். சின்ன டேபிள் 90 டிகிரி திரும்ப 0.3 விநாடி, 25 ஆர்.பி.எம். பெரிய டேபிளுக்கு 0.6 விநாடி. வேகம் பிடிப்பது, குறைவது, பிரேக் விடுவது, பிடிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு திருப்பத்துக்கு அரை விநாடி வித்தியாசம் என்று வையுங்கள். ஒரு ஜாபுக்கு எட்டுத் திருப்பம், நாளைக்கு 500 ஜாப் என்றால் 2000 விநாடி. அரை மணிக்கு மேல், தினமும், சும்மா.

அடுத்தது எடை. சிறு பாகங்களுக்கு நம் பட்டறைகளில் நிற்பவை பெரும்பாலும் 30 டேப்பர் ஸ்பிண்டில் கொண்ட சின்ன மெஷின்கள். அவற்றின் மேசை தாங்குவது பலவற்றில் 250, 300 கிலோதான். 320 அளவு டேபிள் மட்டுமே 150 கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். டெயில்ஸ்டாக்கும் பிக்சரும் ஏறியபின் ஜாபுக்கு என்ன மிச்சம்? எடை ஏற ஏற மெஷினின் வேகமாற்றத்தையும் தணித்து வைக்க வேண்டும். பறக்கட்டும் என்று வாங்கிய மெஷின் நடக்கும். 120 அளவு டேபிளை இரண்டு பேர் தூக்கி இறக்கிவிடலாம். பெரியதை இறக்கச் செயின் பிளாக் வேண்டும், அது ஓய்வாகக் கிடைக்கும் நேரமும் வேண்டும். எனவே இறக்கவே மாட்டார்கள். மேசையில் பாதி இடம் வருஷம் முழுக்க அதற்கே போகும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி வேறு இடத்தில். டேபிளை நிமிர்த்தி வைத்து, அச்சு கிடைமட்டமாக இருக்க, ஜாபைத் தட்டின் நடுவில் காலெட்டில் பிடிக்கிறோம். 320 டேபிளின் உடம்பு அந்த நடு அச்சுக்கு மேலே 160 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எழும்பி நிற்கும். ஜாபோ அச்சிலிருந்து பத்து மில்லிமீட்டர்தான். மேலிருந்து இறங்கும் ஸ்பிண்டில் தலை அந்த உடம்பில் இடிக்காமல் ஜாபை எப்படித் தொடும்? ஒன்று டூலை நீட்ட வேண்டும், இல்லை ஜாபைத் தட்டிலிருந்து வெளியே தள்ள வேண்டும். டூலின் நீட்டம் 40 மில்லிமீட்டரிலிருந்து 80 ஆனால், அதே விசைக்கு அது வளைவது இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. நீளத்தின் மும்மடிக்கு வளைவு ஏறும் என்பது டிப்ளமோ முதல் பாடம். ஸ்டிராங்காக இருக்கட்டும் என்று வாங்கிய டேபிள்தான் வெட்டும் முனையை ஒடிசலாக்குகிறது. பிறகு துளை வாயில் அதிர்வுக் கோடு தெரிகிறது, மெஷினைத் திட்டுகிறார்கள்.

"பெருசு அக்யூரசி அதிகம்" என்று ஒரு வால் இந்த வதந்திக்கு. கேட்டலாக்கில் பெரியதற்கு 15 ஆர்க் செகண்ட், சிறியதற்கு 30 ஆர்க் செகண்ட் என்று போட்டிருக்கட்டும். அச்சிலிருந்து பத்து மில்லிமீட்டர் தொலைவில் 30 ஆர்க் செகண்ட் பிழை என்பது ஒன்றரை மைக்ரான். 15 என்றால் முக்கால் மைக்ரான். அந்த முக்கால் மைக்ரான் வித்தியாசத்துக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்துவிட்டு, ஜாபை எதில் பிடிக்கிறார்கள்? முப்பது, நாற்பது மைக்ரான் ஆடும் பழைய மூணு தாடைச் சக்கில்! காசை நல்ல காலெட்டிலும் பிக்சரிலும் போடுங்கள். டயல் கேஜை வைத்து ஒருமுறை சுற்றிப் பார்த்தால் முள்ளே சொல்லிவிடும்.

பிடிப்பு? 500 நியூட்டன் வெட்டுவிசை, ஆரம் பத்து மில்லிமீட்டர்: திருகுவிசை 5 நியூட்டன் மீட்டர். சின்ன டேபிள் கேட்டலாக்குகளிலேயே நூறைத் தாண்டிய பிரேக் பிடிப்பைப் பார்க்கலாம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஜாபை ஒவ்வொன்றாக அச்சில் பிடிக்காமல், டெயில்ஸ்டாக்கோடு ஒரு பிரிட்ஜ் பிளேட் போட்டு இருபது ஜாபை அடுக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. விசை அச்சிலிருந்து விலகிப் போகிறது. 150 மில்லிமீட்டர் விலகினால் அதே 500 நியூட்டன் 75 நியூட்டன் மீட்டர் ஆகும். அப்போது ஒரு அளவு மேலே போங்கள். பிக்சரின் வரைபடத்தை வைத்து முடிவு செய்யுங்கள், "பின்னாடி ஆகும்" என்று நினைத்து அல்ல.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு செலவழிக்க மாட்டேன்.

"டைரக்ட் டிரைவ்தான் எல்லாவற்றிலும் உசத்தி." வேகம் உண்டு, தேயும் பல் இல்லை. ஆனால் பல்சக்கரக் குறைப்பு இல்லாததால் வெட்டும்போது பிடிப்பு பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது, சூடும் ஏறும். நாளைக்கு நூறு திருப்பம் போடும் பட்டறைக்கு அந்த விலை வீண். ஓயாமல் திரும்பும் பட்டறைக்கு ஞாயம்.

"வோர்ம் டேபிளில் ஆட்டம் வந்தால் டைட் பண்ணினால் போச்சு." போகாது. 0, 90, 180, 270 என்று நாலே இடத்தில் நின்று வெட்டும் டேபிளின் சக்கரம் அந்த நாலு இடத்தில்தான் தேய்ந்திருக்கும். தேய்ந்த இடத்தில் ஆட்டத்தை எடுத்தால் தேயாத இடத்தில் இறுகிச் சிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஜாபின் பூஜ்யத்தை ஒரு 30 டிகிரி மாற்றி வையுங்கள், தேய்மானம் பரவும். காசில்லாத வைத்தியம், ஒருவரும் செய்வதில்லை.

"எந்த டேபிளும் எந்த மெஷினுக்கும் மாட்டும்." போல்ட் மாட்டும். கண்ட்ரோலில் நாலாவது ஆக்சிஸ் திறந்திருக்கிறதா, ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா, மோட்டார் அந்த கண்ட்ரோலுக்குப் பேசுமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 90, 45, 30 டிகிரிக்கு மேல் வேறு வேலையே இல்லையென்றால் ஹர்த் பல் கொண்ட இண்டெக்ஸர் போதும். 72 பல் என்றால் 5 டிகிரிக்கு ஒரு நிலை, 360 பல் என்றால் ஒரு டிகிரி. தனிக் கண்ட்ரோலோடு வருவதை எம் கோட் சிக்னல் ஒன்றிலேயே ஓட்டலாம்.

இத்தனையும் சொன்னபின் இன்னொன்றையும் சொல்லித்தான் விடுவேன். டேபிள் எதுவானாலும் அதை ஓட்டும் பையனுக்குப் பிரிப்புக் கணக்கு தெரிய வேண்டும். 1972இல் டாட்டாவும் சிங்கப்பூர் அரசும் சேர்ந்து பயிற்சி நிலையம் தொடங்கிய காலத்துத் தொழிலாளர்களுக்குக் கைதான் முதல் கருவி. தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலிடெக்னிக் பிள்ளைகளும் டிவைடிங் ஹெட் கணக்கைப் பரீட்சைக்குப் படித்தவர்கள்தான், ஆனால் இங்கே வந்ததும் திரையில் எண்ணைத் தட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். பழைய மெஷின் விற்பவர்களிடம் 40க்கு 1 டிவைடிங் ஹெட் ஒன்று வாங்கிப் பட்டறை மூலையில் போடுங்கள். பெரிய டேபிளுக்கும் சிறியதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. புதிதாக வந்த தம்பியிடம் ஒரு வட்டத்தை 13 பாகமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 39 துளை வட்டத்தில் மூன்று முழுச் சுற்று, மேலே மூன்று துளை என்று அவரே கண்டுபிடிக்கட்டும். பதின்மூன்றாவது திருப்பத்தில் முள் தொடங்கிய துளையிலேயே போய் விழவில்லை என்றால், உங்கள் சர்வோ டேபிள் பக்கம் அவரை இன்னும் ஒரு வாரம் விடாதீர்கள்.