விறகடுப்பு மிஞ்சாமல் காப்பது

எரிவாயு அடுப்பு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் பிரியாணி ஆக்குவதென்றால் விறகடுப்பையே விரும்பும் பண்டாரிகள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். சில சாப்பாட்டுக்கடைகளின் பின்கட்டிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் ருசியைப் பற்றி வியாபார அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தேக்சா அடிபிடித்து ஐம்பது பேர் சோறு வீணாவதும், அடுப்பை ஒட்டிய பலகைச் சுவர் கருகுவதும் அதே அடுப்பு அளவு மீறுவதால்தான். அதை அடக்கும் வகையைச் சற்று ஆராய்வோம்.

விறகில் எழும் சுவாலை, கட்டையே எரிவதன்று. கட்டை சூடேறும்போது அதிலிருந்து ஒருவகை வாயு கிளம்புகிறது. அதுதான் காற்றோடு கலந்து எரிகிறது. மெல்லிய சிராய்களை ஒரே தடவையில் வாரித் திணித்தால் அத்தனையும் ஒருங்கே வாயுவைக் கக்கும். அந்தச் சூட்டில் பக்கத்துக் கட்டையும் பற்றிக்கொள்ளும். பிறகு பண்டாரி என்ன செய்தாலும் அரை மணி நேரத்துக்கு அடுப்பு அவர் சொல் கேளாது. ஆகவே மூட்டுவதற்குச் சிராய், சமைப்பதற்குப் பருங்கட்டை. அதையும் இரண்டு மூன்றாகவே வைக்க வேண்டும்.

சிலர் தீயைத் தணிக்க ஈரவிறகைச் செருகுகிறார்கள். இது தவறு. பச்சை மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர்தான். அது புகைந்து, கீல் போன்ற கசடாகப் புகைக்கூண்டின் உள்ளே படிகிறது. பின்னொரு நாள் நெருப்பு மிஞ்சும்போது அந்தக் கசடே பற்றிக்கொள்ளும். புகைக்கூண்டுக்குள் பற்றிய தீ 1,000 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். இன்று மிச்சம் பிடித்த விறகு, நாளை கடையையே கேட்கும்.

சரியான கடிவாளம் காற்று. இதற்கு நல்ல பாடம் பேராக்கில் இருக்கிறது. தைப்பிங்கை அடுத்த கோலா செப்பெத்தாங்கில், 1902 முதல் முறையாகப் பராமரிக்கப்பட்டு வரும் மாத்தாங் கண்டல் காட்டின் மரத்தைக் கொண்டு கரி சுடுகிறார்கள். மலாய்க்காரர் பாக்காவ் என்று சொல்லும் மரம் அது. சூளையின் வாயைச் செங்கல்லும் மண்ணும் கொண்டு குறுக்கிக் காற்றை அளந்து விடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்பதைப் புகையைப் பார்த்தே அறிகிறார்கள். நம் அடுப்புக்கு ஓர் இரும்புத் தகடு போதும். வாயை முக்கால் பங்கு மறைத்தால் சிறிது நேரத்தில் சுவாலை தாழும். ஆனால் முழுக்க அடைத்துவிடலாகாது. மூச்சுத் திணறும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவை விடும். அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. ஜன்னல் சாத்திய பின்கட்டில் படுத்துறங்கும் சிப்பந்திகளுக்கு அது எமன். அடைத்த அடுப்பைச் சட்டென்று திறந்து முகத்தை நீட்டுவதும் ஆபத்து. உள்ளே தேங்கிய வாயு குபீரென்று வெளியே பாயும்.

தம் போடும் நேரத்தில் சுவாலையே கூடாது. கொள்ளிகளை இழுத்து மணலில் புதைத்துவிட்டு, தணலை ஓரங்களுக்குத் தள்ளி, மேலே சாம்பலைத் தூவ வேண்டும். கொஞ்சம் தணலை மூடிமேல் பரப்பினால் சூடு மேலும் கீழும் ஒத்திருக்கும்.

ஈயம் பூசிய செம்புத் தேக்சா வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் அவ்வளவு சூடேறாது. வெறும் பாத்திரத்தைக் கொழுந்துவிடும் நெருப்பில் காய வைத்தாலோ பூச்சு போய்விடும். முதலில் நெய்யோ தண்ணீரோ, பிறகுதான் தீ.

எவ்வளவு மிஞ்சினாலும் அடுப்பில் தண்ணீரை வீசாதீர்கள். ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். சூடான செங்கல் வெடிக்கும். சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் அதைவிடக் கேடு. ஒரு பங்கு தண்ணீர் ஏறக்குறைய 1,700 பங்கு ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். மூடியால் மூடி, கீழே உள்ள கொள்ளியை இழுத்துவிடுவதே வழி. மணல் வாளி ஒன்று அடுப்படியில் எப்போதும் இருக்கட்டும்.

உறங்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் போதித்திருப்பதை நாம் அறிவோம். அணைந்துவிட்டதென்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. சாம்பலுக்கடியில் தணல் மறுநாள்வரைகூட உயிரோடிருக்கும். கடை கட்டும்போது அதைச் சாக்கிலோ அட்டைப்பெட்டியிலோ வாரிப் போடாமல், மூடியுள்ள தகர டின்னில் கொட்டி, சரக்கு மூட்டைகளுக்கு எட்டாமல் சிமெண்டுத் தரையில் வைக்கும்படி தம்பிமார்களிடம் சொல்லி வையுங்கள்.