ஞாயிற்றுக்கிழமை காற்று சுத்தமான காற்றா?

வாரம் முழுக்க பஸ், ஆட்டோ, லாரிப் புகையைக் குடித்துத் தீர்த்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமையாவது ரோடு காலியாக இருக்கும், அன்றைக்கு நன்றாக மூச்சை இழுத்து நடக்கலாம், ஓடலாம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற புகையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவுக்கு இந்தக் கணக்கு எப்போதும் பொருந்தாது. சில பெரு நகரங்களில் லாரி ஓடாத நாளில்தான் அது தலை தூக்குகிறது! அதன் பெயர் ஓசோன்.

‘ஓசோன் நல்லதாச்சே டாக்டர், அதில் ஓட்டை விழுந்தால்தானே ஆபத்து?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓசோன் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் காவல்காரன். தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அதே ஓசோன் நாம் மூச்சு விடும் உயரத்தில் பெருகினால் நுரையீரலை அரிக்கும் விஷ வாயு. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கும், ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு எப்போது பிரிந்து எதன்மேல் பாயலாம் என்று காத்திருக்கும். பாய்வது நம் மூச்சுக் குழாயின் மேல் என்றால் அங்கே புண்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கற்றுத் தந்த பாடம்

இந்த விஷயத்தை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் பசிபிக் கடல், நிறைய வெயில், லட்சக்கணக்கான வண்டிகள். 1943-ம் ஆண்டு ஜூலையில் கண் எரிச்சல் தரும் மூட்டம் அந்த நகரத்தையே மூடியபோது, ஜப்பான்காரன் விஷ வாயுவை வீசிவிட்டானோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். யுத்த காலம் அல்லவா!

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் கால்டெக் கல்வி நிலையத்தில் அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்ஸ்மிட் என்ற விஞ்ஞானி. பழ வாசனையைப் பிடித்து ஆராய்ந்தவர், ஊர்க் காற்றையும் அப்படியே பிடித்து ஆராய்ந்தார். வண்டிப் புகையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் வெந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். அதாவது, ஓசோன் எந்தப் புகைக் குழாயிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. காற்றிலேயே சமைக்கப்படுகிறது.

பிறகு 1970-களில் ஒரு விசித்திரம் தெரிய வந்தது. சனி, ஞாயிறுகளில் லாரிகள் குறைகின்றன, புகையும் குறைகிறது. ஆனால் ஓசோன் பல இடங்களில் வார நாட்களைவிட அதிகமாக இருக்கிறது! இதற்கு ‘வாரக் கடைசி விளைவு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தோசைக் கணக்கு

இது எப்படி? சமையலறைக்கு வாருங்கள், புரிய வைக்கிறேன்.

வண்டிப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கின்றன. இவைதான் மாவு. வெயில்தான் அடுப்பு. பெட்ரோல் ஆவி, பெயின்ட் ஆவி போன்றவை கல்லில் விடும் எண்ணெய். மூன்றும் சேர்ந்தால் ஓசோன் என்கிற தோசை தயார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. என்ஜினிலிருந்து அப்போதுதான் வெளிவந்த நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தானே தின்றுவிடும். மாவும் அதுவே, தின்கிற பிள்ளையும் அதுவே!

வார நாட்களில் டீசல் லாரிகள் இந்த மாவைக் குடம் குடமாகக் கொட்டுகின்றன. கல்லில் மாவு அதிகமானால் என்ன ஆகும்? சூடு இறங்கிவிடும், தோசை வேகாது. வெந்த ஒன்றிரண்டையும் தட்டில் விழுந்ததும் பிள்ளைகள் தின்றுவிடுகிறார்கள். அதனால் காலையில் ஓசோன் சேருவதற்கு நேரமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை லாரி ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கார்கள் அவ்வளவு குறைவதில்லை. ஆகவே எண்ணெய் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மாவு அளவாகிறது, கல் நன்றாகக் காய்கிறது, தின்ன ஆளும் இல்லை. தட்டில் தோசை அடுக்கடுக்காகச் சேருகிறது. மத்தியானத்துக்குள் ஓசோன் உச்சிக்குப் போகிறது. கடற்காற்று அதை உள்நாட்டில் இருக்கும் ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது.

2020-ல் கொரோனா ஊரடங்கின்போதும் இதே கதைதான். வண்டிகள் நின்றபோது ரோம், டூரின், வூஹான் போன்ற நகரங்களில் நைட்ரஜன் ஆக்சைடு இறங்கியது, ஓசோன் ஏறியது.

அப்படியானால் புகை நல்லதா?

சிலர் இப்படித்தான் முடிவு கட்டினார்கள். லாரிப் புகையைக் குறைத்தால் ஓசோன் கூடுகிறது, அப்புறம் எதற்குக் குறைக்க வேண்டும் என்று வாதம் செய்தார்கள். இது ஜுரம் குறையும்போது வியர்க்கிறதே என்று மருந்தை நிறுத்துவது போல!

எங்கள் சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் மூன்றும் தத்தம் அளவில் நிற்க வேண்டும் என்போம். ஒன்றை மட்டும் கொஞ்சம் அசைத்தால் மற்றொன்று துள்ளும். காற்றிலும் அதே நியாயம்தான். மாவைக் கொஞ்சம் குறைத்தால் தோசை கூடலாம். நிறையக் குறைத்தால் தோசையே கிடையாது. கூடவே எண்ணெயையும் குறைக்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் பல ஆண்டுகளாக இரண்டையும் சேர்த்தே குறைத்தது. அதனால்தான் அங்கே ஓசோனின் உச்ச அளவு முந்தைய காலத்தைவிட மிகவும் இறங்கியிருக்கிறது. ஆனாலும் நோய் முழுக்கத் தீரவில்லை; அந்த நாட்டின் அளவுகோலை அந்தப் பகுதி இன்னும் எட்டவில்லை.

உடம்பில் என்ன செய்யும்?

தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சில் இறுக்கம். இவைதான் முதல் அறிகுறிகள். இரைப்பு நோய் இருப்பவர்களுக்கு அது கிளம்பிவிடும். ஓடும்போதும் விளையாடும்போதும் வாயால் நிறையக் காற்றை இழுக்கிறோம். மூக்கு வழியாகப் போனால் ஓசோன் ஓரளவு அங்கேயே தங்கிவிடும். வாய் வழியாகப் போனால் அந்தக் காவலும் இல்லை. குழந்தைகளுக்கு நுரையீரல் வளர்கிற பருவம். மைதானத்தில் இருப்பதும் அவர்கள்தான் அதிகம்.

நம் நாட்டில் 2009-ல் வகுத்த அளவுகோலின்படி, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் ஓசோன் 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதே 100-தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. எல்லா ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை ஓசோன் கூடும் என்பதில்லை. மாவு ஏற்கெனவே குறைவாக உள்ள கிராமப் பக்கங்களில் புகை குறைந்தால் ஓசோனும் குறையும். ஆகவே கிழமையைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். நடைப்பயிற்சி, ஓட்டம், பிராணாயாமம் எல்லாம் விடியற்காலையில் இருக்கட்டும். கடும் வெயிலடிக்கும் மத்தியானமும் பிற்பகலும் வேண்டாம்.

2. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் உங்கள் ஊர்க் காற்றின் தரத்தைப் பார்க்கலாம். மொத்த எண்ணோடு நிற்காமல், ஓசோன் எவ்வளவு என்றும் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் பிள்ளை, பேரன் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். அங்கே கோடைக்காலத்தில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

3. துணி முகமூடி தூசைத் தடுக்கும். ஓசோன் வாயுவைத் தடுக்காது. ஓசோன் அதிகமான நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதே நல்லது.

4. ‘ஓசோன் விட்டு அறையைச் சுத்தம் செய்யும்’ என்று விற்கும் கருவிகளை ஆட்கள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். காசு கொடுத்து இருமலை வாங்க வேண்டாம்.

5. வெயில் நேரத்தில் பெட்ரோல் போடுவது, பெயின்ட் அடிப்பது போன்றவற்றைத் தள்ளிப் போடுங்கள். எண்ணெய் குறைந்தால் தோசை குறையும்.

6. ஆடாதோடை, தூதுவளை எல்லாம் இருமலுக்கு உதவும் மூலிகைகள்தான். ஆனால் ஓசோனை முறிக்கும் கஷாயம் எதுவும் கிடையாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரைப்புக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவும் நிறுத்தாதீர்கள்.

ரோடு காலியாக இருப்பது வேறு, காற்று சுத்தமாக இருப்பது வேறு. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால், ‘போகாதே’ என்று சொல்ல வேண்டாம். ‘காலையிலேயே போய் விளையாடிவிட்டு வா கண்ணு’ என்று சொல்லுங்கள். அது போதும்.