கடலில் கலக்கும் நீரும் மக்களின் நம்பிக்கையும்

ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் ஃபுக்குஷிமா மாநிலம் அமைந்துள்ளது. அங்கு மீனவர்கள் கரைசேர்க்கும் மீன்கள் நேரே சந்தைக்குச் செல்வதில்லை. ஒவ்வொரு வகை மீனிலிருந்தும் மாதிரி எடுக்கப்படுகிறது. அதன் சதைப்பகுதி சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படுகிறது. அதில் சீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் எவ்வளவு உள்ளது என்பதைக் கருவி அளந்து காட்டுகிறது.

கதிரியக்கத்தை அளக்கும் அலகு பெக்கரல் ஆகும். ஒரு வினாடியில் ஓர் அணு சிதைந்து கதிர்வீச்சை வெளியிட்டால் அது ஒரு பெக்கரல். ஜப்பானியச் சட்டப்படி, ஒரு கிலோகிராம் மீனில் 100 பெக்கரல் வரை சீசியம் இருக்கலாம். ஆனால், ஃபுக்குஷிமா மீனவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட வரம்பு 50 பெக்கரல் மட்டுமே. சட்டம் கேட்பதைவிடக் கடுமையான வரம்பை அவர்கள் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? வாங்குவோரின் நம்பிக்கையை ஒருமுறை இழந்துவிட்டால் அதை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள்.

நீர் சேர்ந்த கதை

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஜப்பானின் வடகிழக்கே கடலுக்கடியில் 9.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை, கடற்கரையோரம் இருந்த ஃபுக்குஷிமா டாய்இச்சி அணுமின் நிலையத்தைத் தாக்கியது. அவசரகால மின்னாக்கிகள் நீரில் மூழ்கின. அணு உலைகளைக் குளிர்விக்க வழியில்லாமல் போனது. அந்நிலையத்தின் ஆறு உலைகளுள் மூன்றில் எரிபொருள் உருகியது.

உருகிய எரிபொருள் இன்றும் வெப்பத்தை வெளியிடுகிறது. எனவே, அதன்மீது தொடர்ந்து நீர் செலுத்தப்படுகிறது. எரிபொருளைத் தொடும் நீர் கதிரியக்கத்தால் மாசுபடுகிறது. மழைநீரும் நிலத்தடி நீரும் அதனுடன் சேர்ந்து அதன் அளவைக் கூட்டுகின்றன. இந்த நீரைத் தூய்மைப்படுத்துவதற்காக 'ஆல்ப்ஸ்' எனப்படும் சுத்திகரிப்பு அமைப்பு நிறுவப்பட்டது. அது 62 வகைக் கதிரியக்கப் பொருள்களைச் சட்ட வரம்புக்குக் கீழே குறைப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. சுத்திகரிக்கப்பட்ட நீர், நிலைய வளாகத்தில் கட்டப்பட்ட பெரிய தொட்டிகளில் சேமிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டுக்குள் தொட்டிகளின் எண்ணிக்கை 1,000ஐத் தாண்டியது. அவற்றில் 1.3 மில்லியன் டன்னுக்கும் மேற்பட்ட நீர் இருந்தது.

ஆயினும், அந்த அமைப்பால் டிரிட்டியத்தை அகற்ற முடியவில்லை. டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் ஒரு வகை. நீரில் ஹைட்ரஜன் இருப்பதை நாம் அறிவோம். சாதாரண ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் டிரிட்டியம் அமர்ந்துகொண்டால், அந்த நீரும் நீராகவே இருக்கும். அரிசியில் கலந்த கல்லைப் பொறுக்கிவிடலாம். அரிசியில் கலந்த அரிசியை எப்படிப் பொறுக்குவது?

டிரிட்டியம் வெளியிடும் கதிர்வீச்சு வலுக்குறைந்தது. அது நம் தோலைக்கூட ஊடுருவாது. இயற்கையாகவே மழைநீரிலும் கடல்நீரிலும் மிகச் சிறிய அளவில் டிரிட்டியம் உள்ளது. உலகின் பிற அணுமின் நிலையங்களும் அதைக் குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்டு நீரில் வெளியேற்றுகின்றன. எனினும், உடலுக்குள் மிகுதியாகச் சென்றால் அது தீங்கு விளைவிக்கக்கூடும். அதன் அளவு பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 12.3 ஆண்டுகள் ஆகும். அதனால்தான் அதற்கு வரம்பும் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன.

2021ஆம் ஆண்டு ஏப்ரலில், சேமித்த நீரைக் கடல்நீருடன் கலந்து வெளியேற்ற ஜப்பானிய அரசாங்கம் முடிவு செய்தது. அனைத்துலக அணுசக்தி அமைப்பு அத்திட்டத்தை ஆராய்ந்து, 2023 ஜூலை 4ஆம் நாள் தன் அறிக்கையை வெளியிட்டது. திட்டம் அனைத்துலகப் பாதுகாப்புத் தரங்களுக்கு ஏற்ப அமைந்துள்ளது என்றும், மக்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஏற்படக்கூடிய கதிரியக்கத் தாக்கம் மிக மிகக் குறைவு என்றும் அவ்வறிக்கை கூறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் நீர் வெளியேற்றம் தொடங்கியது.

வெளியேற்றத்திற்கு முன் நடக்கும் சோதனை

தொட்டியின் குழாயைத் திறந்ததும் நீர் கடலுக்குப் பாய்ந்துவிடுவதில்லை. முதலில், வெளியேற்றப்பட வேண்டிய நீர் ஒரு தொட்டித் தொகுதியில் சேர்க்கப்படுகிறது. அங்கு அது பல நாள்கள் சுழற்றிக் கலக்கப்படுகிறது. ஏன் இவ்வாறு செய்ய வேண்டும்? நன்கு கலக்காத நீரில் மேற்பகுதியில் ஓர் அளவும் அடிப்பகுதியில் வேறோர் அளவும் இருக்கலாம். சாம்பாரைக் கலக்காமல் மேலாக ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தால், பானையில் எவ்வளவு உப்பு உள்ளது என்பது சரியாகத் தெரியாது அல்லவா? மாதிரி முழு நீரையும் பிரதிநிதிக்க வேண்டும் என்பதே கண்காணிப்பின் முதல் பாடம்.

பின்னர், அம்மாதிரியில் டிரிட்டியமும் வேறு 29 வகைக் கதிரியக்கப் பொருள்களும் அளக்கப்படும் வகையில் திட்டம் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. ஆனால், ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. ஒரு பொருள் தன் வரம்பில் பாதி அளவும், மற்றொன்று தன் வரம்பில் முக்கால் பங்கும் இருப்பதாகக் கொள்வோம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தேறிவிடும். கூட்டிப் பார்த்தால் ஒன்றேகால் வரும். அந்த நீர் தேறாது. டிரிட்டியம் நீங்கலாக மற்றப் பொருள்களின் பங்குகளைக் கூட்டினால் ஒன்றுக்கும் குறைவாக வர வேண்டும் என்பதே விதி.

இச்சோதனையில் தேறிய நீர், 100 மடங்குக்கும் அதிகமான கடல்நீருடன் கலக்கப்படுகிறது. ஜப்பானியச் சட்டப்படி ஒரு லிட்டர் நீரில் 60,000 பெக்கரல் வரை டிரிட்டியம் இருக்கலாம். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வழங்கியுள்ள வழிகாட்டி அளவு 10,000 பெக்கரல். இந்தத் திட்டத்திற்கு விதிக்கப்பட்ட வரம்போ 1,500 பெக்கரல். ஓர் ஆண்டில் வெளியேற்றக்கூடிய மொத்த டிரிட்டியமும் 22 டிரில்லியன் பெக்கரலுக்குள் இருக்க வேண்டும். கலக்கப்பட்ட நீர், கடலுக்கடியில் தோண்டப்பட்ட சுரங்கப்பாதை வழியாக, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் வெளியேறுகிறது. ஏதேனும் கோளாறு தெரிந்தால் அடைப்பிதழ்கள் மூடிக்கொள்ளும். 2024 மார்ச் 15ஆம் நாள் அப்பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, முன்னெச்சரிக்கையாக வெளியேற்றம் நிறுத்தப்பட்டு, சோதனைக்குப் பின்னரே மீண்டும் தொடங்கப்பட்டது.

கடலில் தொடரும் கண்காணிப்பு

நீர் கடலைச் சேர்ந்த பிறகும் வேலை முடிவதில்லை. நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குட்பட்ட கடற்பகுதியில் பல இடங்களில் நீர் எடுத்துச் சோதிக்கப்படுகிறது. அங்கு ஒரு லிட்டரில் டிரிட்டியம் 350 பெக்கரலைத் தாண்டினால் காரணம் ஆராயப்படும். 700 பெக்கரலைத் தாண்டினால் வெளியேற்றம் உடனே நிறுத்தப்படும். இவ்வாறு இரண்டு படிகள் வைத்திருப்பதால், ஆபத்து வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விழித்துக்கொள்ள முடிகிறது.

வெளியேற்றம் தொடங்கிய முதல் நாள்களில், இந்த விரைவுச் சோதனைகளின் முடிவு 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. இச்சொல்லை நாம் கவனத்துடன் படிக்க வேண்டும். அதற்குப் பூச்சியம் என்று பொருளில்லை. சமையலறைத் தராசில் ஓர் அரிசிமணியை வைத்தால் அது பூச்சியத்தையே காட்டும். அரிசிமணிக்கு எடை இல்லை என்பது அதன் பொருளா? தராசால் அறியக்கூடிய அளவைவிட அது குறைவு என்பதே பொருள். விரைவுச் சோதனை ஏறத்தாழ 10 பெக்கரலுக்குக் கீழே உள்ள அளவைக் காட்டாது. அதைவிட நுட்பமான சோதனையும் உண்டு. அதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும். ஆகவே, உடனடி எச்சரிக்கைக்கு விரைவுச் சோதனையும், துல்லியமான பதிவுக்கு நுட்பமான சோதனையும் பயன்படுத்தப்படுகின்றன.

உயிரினங்கள்மீதும் கவனம் செலுத்தப்படுகிறது. நிலையத்தை நடத்தும் டோக்கியோ மின்சக்தி நிறுவனமான டெப்கோ, 2022ஆம் ஆண்டு முதல் தட்டைமீன்களை இருவகைத் தொட்டிகளில் வளர்த்தது. ஒன்றில் சாதாரணக் கடல்நீர். மற்றொன்றில் சுத்திகரிக்கப்பட்ட நீர் கலந்த கடல்நீர். இரண்டாம் தொட்டியில் வளர்ந்த மீன்களின் உடலில் டிரிட்டியம் சேர்ந்தது. ஆனால், அது சுற்றியிருந்த நீரில் உள்ள அளவைத் தாண்டி உயரவில்லை. அம்மீன்களைச் சாதாரணக் கடல்நீருக்கு மாற்றியதும் டிரிட்டியம் குறைந்தது. தொட்டிகளின் நேரடிக் காணொளியை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது.

அளப்பவர் யார்?

எண்கள் இவ்வளவு தெளிவாக இருக்க, மீனவர்கள் ஏன் கவலைப்பட்டார்கள்? அதற்கும் காரணங்கள் உண்டு.

சம்பந்தப்பட்டவர்களின் இணக்கம் இல்லாமல் நீரை வெளியேற்ற மாட்டோம் என்று 2015ஆம் ஆண்டு அரசாங்கமும் டெப்கோவும் ஃபுக்குஷிமா மீனவர்களுக்கு வாக்களித்திருந்தன. மீனவர் சங்கங்கள் தங்கள் எதிர்ப்பைக் கைவிடாத நிலையிலேயே வெளியேற்றம் தொடங்கியது. மேலும், தொட்டிகளில் எஞ்சியிருப்பது டிரிட்டியம் மட்டுமே என்று பலரும் எண்ணியிருந்தனர். தொட்டிநீரில் பெரும்பகுதியில் வேறு கதிரியக்கப் பொருள்களும் வெளியேற்ற வரம்பைத் தாண்டி இருந்தது 2018ஆம் ஆண்டு தெரியவந்தது. அத்தகைய நீரை மீண்டும் சுத்திகரிக்காமல் வெளியேற்ற முடியாது. அளவீட்டு விவரங்கள் இருந்தும், அவை மக்களுக்குப் புரியும்படி முன்வைக்கப்படாததால் நம்பிக்கை சரிந்தது.

2023 மே மாதம், நிலையத்தின் துறைமுகத்திற்குள் பிடிபட்ட ஒரு கறுப்புப் பாறைமீனில், ஒரு கிலோகிராமுக்கு 18,000 பெக்கரல் சீசியம் இருந்தது. இது சட்ட வரம்பைப்போல 180 மடங்கு. அப்போது தொட்டிநீர் வெளியேற்றம் தொடங்கவே இல்லை. எனவே, அதற்கு அந்த வெளியேற்றம் காரணமாக இருக்க முடியாது. விபத்தின் மாசு துறைமுகத்திற்குள் இன்னும் எஞ்சியிருப்பதையே அது காட்டியது. அங்குள்ள மீன்கள் வெளிக்கடலுக்குச் செல்லாதவாறு வலைகள் அமைக்கப்பட்டுள்ளன. இருப்பினும், இத்தகைய செய்தியைக் கேட்கும் ஒருவர் இரண்டையும் பிரித்துப் பார்ப்பாரா? 'ஃபுக்குஷிமா மீன்' என்று கேட்டதும் விலகிச் செல்வாரா? மீனவர்களின் அச்சம் அதுதான். வெளியேற்றம் தொடங்கிய அன்றே, ஜப்பானியக் கடலுணவு அனைத்தின் இறக்குமதியையும் சீனா நிறுத்திவைத்தது.

இங்குதான், 'யார் அளப்பது?' என்னும் கேள்வி முக்கியமாகிறது. மாணவன் எழுதிய தேர்வுத்தாளை அவனே திருத்திக்கொண்டால், அவன் நேர்மையாகத் திருத்தியிருந்தாலும் பிறர் ஐயப்படுவர். ஆகவே, டெப்கோ அளப்பதோடு நின்றுவிடாமல், தொட்டிநீர் மாதிரியைப் பிற ஆய்வு நிறுவனங்களும் அளக்கின்றன. ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சும் ஃபுக்குஷிமா மாநில அரசாங்கமும் கடல்நீரைத் தனியே சோதிக்கின்றன. அனைத்துலக அணுசக்தி அமைப்பு நிலைய வளாகத்திலேயே ஓர் அலுவலகத்தை அமைத்துள்ளது. 2023 அக்டோபரில் கனடா, சீனா, தென்கொரியா ஆகிய நாடுகளின் ஆய்வுக்கூட வல்லுநர்கள் மாதிரிகள் சேகரிக்கப்பட்ட இடத்திற்கே நேரில் வந்தனர். கடல்நீர், கடலடி மண், மீன் ஆகியவற்றின் மாதிரிகள் பகிர்ந்துகொள்ளப்பட்டு, வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் அளந்து ஒப்பிடப்பட்டன. 2024 செப்டம்பரில், பிற நாட்டு வல்லுநர்களும் மாதிரிகளைத் தாமே எடுத்துச் சோதிக்கும் வகையில் கண்காணிப்பை விரிவுபடுத்த ஜப்பானும் சீனாவும் இணங்கின.

நாளைய பொறுப்பு

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. கதிரியக்கத்தைக் கண்ணால் காணவும் முடியாது. காதால் கேட்கவும் முடியாது. அதைப் பற்றிய உண்மையை அறியத் தீர விசாரிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அப்படி விசாரித்து அறிந்ததை மறைக்காமல் சொல்வதும் அதே அளவு தேவை. தவறு நேர்ந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபுக்குஷிமாவின் நீர் வெளியேற்றம் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடிக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. இன்று பள்ளியில் பயிலும் மாணவர்கள் நடுவயதை எட்டும்போதும் அங்கு யாரேனும் ஒருவர் கடல்நீரைப் புட்டியில் நிரப்பிக்கொண்டிருப்பார். இன்னொருவர் மீனை நறுக்கிக் கருவிக்குள் வைத்துக்கொண்டிருப்பார். ஆயிரம் முறை சரியாக இருந்தது என்பதற்காக, ஆயிரத்து ஓராவது முறை அளக்காமல் விட்டுவிட முடியாது. சலிக்காமல் அளப்பவரின் உழைப்பில்தான் ஒரு கடற்கரையின் வாழ்வாதாரம் தங்கியிருக்கிறது.

சிந்தித்து விடையளிக்க

1. ஃபுக்குஷிமா மீனவர்கள் சட்ட வரம்பைவிடக் கடுமையான வரம்பைப் பின்பற்றுவதன் நோக்கம் என்ன?
2. மாதிரி எடுப்பதற்கு முன் தொட்டிநீரைக் கலக்குவது ஏன்?
3. 'கண்டறியப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. உன் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. 2018ஆம் ஆண்டு வெளிவந்த தகவல் மக்களின் நம்பிக்கையை ஏன் பாதித்தது?
5. அளவீடு சரியாக இருந்தால் போதுமா, அதைப் பலர் சரிபார்க்கவும் வேண்டுமா? உன் கருத்தைக் காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.